ஆளைக் காணோம் என்றால் என்ன எழுதுவது

நான் ஏழாவது வரை படித்தவன். அதிலும் இங்கிலீசில் பாஸ் இல்லை. ஆனால் ஏலக்காட்டில் சூப்பர்வைசராக இருந்த பத்தொன்பது வருடமும் சாயங்காலச் சீட்டை இங்கிலீசில்தான் எழுதினேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மருந்து அடிப்பது, காய் உலர்த்துவது எல்லாம் சொல்லித்தர என்னைவிட விவரமான ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சீட்டு. அதைச் சொல்கிறேன்.

எங்கள் எஸ்டேட் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், குரங்கணிக்கு மேலே. முதலாளி போடியில் இருந்தார். மேனேஜர் மலையாளி. தமிழ் பேசுவார், படிக்க வராது. எனக்கு மலையாளம் எழுத வராது. அதனால் இருவருக்கும் பொதுவாக இங்கிலீசு. அவருக்கு அது நன்றாக வரும். எனக்கு வராது. இருந்தும் அதுதான் ஏற்பாடு.

காட்டிலிருந்து ஆபீசு ஒன்றரை மைல். போன் கிடையாது. காய் மூட்டை சுமந்து போகிற ஆளிடம் ஒரு சீட்டு கொடுத்துவிடுவேன். அன்று நடந்தது முழுவதும் அதில் நாலு வரியில் இருக்க வேண்டும். மேனேஜர் அதைப் படிப்பார். படித்ததும் ஏதாவது செய்வார். அவர் செய்வது நான் எழுதின வார்த்தையைப் பொறுத்தது. இது புரிய எனக்கு இரண்டு தப்பு தேவைப்பட்டது.

முதல் தப்பு ஒரு பங்குனியில். வெயிலில் கிழக்குச் சரிவில் செடிகள் வாடித் தொங்கின. ‘டெட்’ என்று எழுதினேன். மறுநாள் காலை எட்டு ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள், தூரோடு பிடுங்க. ஒரு மழை பெய்தால் நிமிர்ந்துவிடும் செடிகள். நாற்பது தூர் போன பிறகுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மீதியை நிறுத்தினேன்.

இரண்டாவது, ஒரு சரிவில் மழைக்கு வேலையை நிறுத்திவிட்டு ‘ஃபினிஷ்டு’ என்று எழுதினது. நின்றதும் முடிந்ததும் எனக்கு அப்போது ஒன்றுதான். அந்தச் சரிவுக்கு மறுநாள் ஆளே அனுப்பவில்லை. பழுத்த காயை அணில் தின்றது.

ஆபீசில் கணக்கு எழுத ஒரு ரைட்டர் இருந்தார். அவரும் மலையாளி. வயதில் எனக்கு இளையவர், என்னைச் சேட்டா என்பார். மேனேஜர் என்னைத் திட்டி அனுப்பிய பிறகு வெளியே வந்து பீடியை நீட்டினார்.

“சேட்டா, டெட்டுன்னு எழுதினா குழி வெட்ட ஆளு வரும். அது அவங்க தப்பில்ல. வார்த்தைய எழுதுறதுக்கு முந்தி, இதப் படிச்சா இவன் என்ன செய்வான்னு ஒரு நிமிசம் நெனச்சு நோக்கணும். அவ்வளவுதான். கிராமர் எல்லாம் பின்னால வந்தா மதி.”

எனக்குப் படிப்பு என்று கிடைத்தது அதுதான்.

பிறகு அவரே என் ஆள்வரிசை நோட்டின் பின் அட்டையில் நாலு வார்த்தை எழுதித் தந்தார். நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘காணோம்’ போதும். தீப்பெட்டியைக் காணோம். பஸ்சைக் காணோம். மழையைக் காணோம். வேலைக்கு வர வேண்டியவளைக் காணோம். கேட்கிறவனுக்கு எது எந்தக் காணோம் என்று தெரியும், எதிரில் நின்று முகத்தைப் பார்க்கிறான் அல்லவா. ஒன்றரை மைலுக்கு அப்பால் முகம் போகாது.

‘ஆப்சென்ட்.’ காலையில் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. வரவே இல்லை. ஆபீசு ஒன்றும் செய்யாது.

‘லெஃப்ட்.’ வந்தாள், போய்விட்டாள். போனது நமக்குத் தெரியும். ஆபீசு அரை நாள் கூலியைப் பிடிக்கும்.

‘மிஸ்ஸிங்.’ வந்தாள். இல்லை. எங்கே என்று தெரியாது. இதை எழுதினால் ஆபீசு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை விடாமல் அடிப்பார்கள். மூன்று காட்டிலும் வேலை நிற்கும். கயிறும் விளக்குமாக ஆட்கள் கிளம்புவார்கள். போடிமெட்டு செக்போஸ்ட்டில் போலீசுக்குச் சொல்லி ஆள் போகும்.

நாலாவது ‘லாஸ்ட்.’

“இது எப்ப எழுதுறது?” என்று கேட்டேன்.

“அது சேட்டா எழுதண்டா. தேடி முடிச்சவன் எழுதுற வார்த்தை அது,” என்றார் ரைட்டர்.

இந்த நாலையும் மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்தேன்.

இனி, நான் சொல்ல வந்த நாள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஐப்பசி மாதம். காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. ராசிங்காபுரத்திலிருந்து பத்தொன்பது பெண்கள் தினமும் ஜீப்பில் வருவார்கள். அவர்களைக் கூட்டி வருகிறவள் பேச்சியம்மாள். ஐம்பது வயது. குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். ஜீப் டிரைவர் அவளுக்குப் பயப்படுவான். நானும் கொஞ்சம் பயப்படுவேன்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், மாமியாரோடு சண்டை, இப்படி ஏதாவது இருந்தால் மத்தியானம் ஒருத்தி சத்தம் இல்லாமல் ஒற்றையடிப் பாதையில் குரங்கணிக்கு இறங்கிவிடுவாள். அங்கிருந்து பஸ். அவள் கூடையைப் பக்கத்து வரிசைக்காரி எடுத்துக்கொண்டு, நிறுவைக்கு வரும்போது அவள் பெயரைச் சொல்லிக் கொட்டுவாள். நாள் பிடிபடாது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். வேலை நடந்தது, காய் வந்தது. யாரையும் பட்டினி போட்டு எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி சோம்பல்.

அன்று காலையிலிருந்தே மூட்டம். பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. மூன்று மணிக்கு நிறுவை. பெயர் கூப்பிட்டேன். “ஈஸ்வரி” என்றேன். பேச்சியம்மாள் கூடையைத் தூக்கி வைத்தாள்.

“ஈஸ்வரி காயி. எழுதுங்கண்ணே.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். சரி, இறங்கிவிட்டாள் போல என்று எழுதிக்கொண்டேன். ஈஸ்வரிக்கு முப்பது வயதுக்குள்தான். இரண்டு பிள்ளைகள். புருசன் சந்தேகக்காரன். மலை வேலைக்கு அவளை விடுவதே பெரிய பாடு என்று பேச்சியம்மாள் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் இரண்டு தடவை பிள்ளைக்கு முடியவில்லை என்று இறங்கிப் போனவள்தான்.

நிறுவைக் கல்லுக்குப் பின்னால் ஒரு பலாமரம். பெண்கள் சோற்றுத் தூக்குவாளிகளை அதன் கிளைகளில் மாட்டி வைப்பார்கள், எறும்பு ஏறாமல் இருக்க. மத்தியானம் சாப்பிட்டுக் கழுவி அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாலு மணிக்குப் பெண்கள் ஜீப்பில் ஏறினார்கள். அன்றைக்கென்று மேனேஜர் தலை எண்ணிக்கை கேட்டிருந்தார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று சீட்டில் வேண்டும். பதினெட்டுப் பேர். காலையில் வந்தது பத்தொன்பது.

“ஒண்ணு கொறையுதே, ஆத்தா,” என்றேன்.

பேச்சியம்மாள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“தெரியாதமாதிரி கேக்குறீங்களேண்ணே. ஈசுவரி போயிட்டா.”

“சரி.”

சீட்டில் ‘ஒன் லேபர் லெஃப்ட்’ என்று எழுதினேன். மூட்டைக்காரன் கையில் கொடுத்தேன். அவன் மூட்டத்துக்குள் போய்விட்டான்.

டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான். “வெரசா ஏறு ஆத்தா. மூட்டம் எறங்குது. கொண்டை ஊசி ஒண்ணும் தெரியாது.”

“ஓம் பொண்டாட்டியா காத்துக்கிட்டிருக்கா? இருடா,” என்றாள் பேச்சியம்மாள். அவள் பலாமரத்தடிக்குப் போயிருந்தாள். “இது யாரு வாளி?”

ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “ஈசுவரியது. மூடியில நெளிசல் இருக்கும் பாரு.”

பேச்சியம்மாள் மூடியைத் திறந்தாள். சோறு அப்படியே இருந்தது. மேலே ஒரு துண்டு மாங்காய். கை வைக்கவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துடா வண்டிய,” என்றேன்.

பேச்சியம்மாளிடம் கேட்டேன். “ஒங்கிட்டச் சொல்லிட்டா போனா?”

“எங்கிட்டச் சொல்லல. செல்லத்துக்கிட்டச் சொல்லியிருப்பா.”

“எங்கிட்ட எங்க சொன்னா?” என்றாள் உள்ளே இருந்த செல்லம். “நான் மேல் வரிசையில நின்னேன். நீ கூடையத் தூக்கவும், ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான்னு நான் நெனச்சேன்.”

“கூடை கெடந்துச்சு, ஆளக் காணோம். போயிட்டான்னு நெனச்சுக் கொட்டுனேன்,” என்றாள் பேச்சியம்மாள்.

பத்தொன்பது பேரில் ஒருத்தி போனதைப் பார்த்தவர் யாரும் இல்லை. போனாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நோட்டை எடுத்தேன். பேச்சியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் என்ன எழுதப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் என்னைத் தொட்டதில்லை.

“அண்ணே, வேண்டாம்ணே. தேடச் சொல்லி எழுதாதீங்க. போலீசு வரைக்கும் போகும். மலையில பொம்பளயக் காணோம்னு ஒரு சொல்லு ஊருக்குள்ள போச்சுன்னா, நாளைக்கு அவ வீட்ல இருந்தாலும் இல்லாத மாதிரிதான். எவங்கூட ஓடுனான்னு கேப்பாங்க. அவ புருசன் வெட்டிப்புடுவான்ணே.”

“வீட்ல இல்லேன்னா?”

“இருப்பா. வயித்து வலியா இருக்கும். அதான் திங்கல.”

டிரைவர் ஒரு யோசனை சொன்னான். “நான் கீழ போயி அவ வீட்ல பாக்குறேன். காலைல வந்து சொல்றேன். ஒரு ராத்திரிதானண்ணே.”

நியாயமான யோசனை. எல்லோருக்கும் நல்லது. அவள் வீட்டில் இருந்தால் பேர் கெடாது. காய் எடுப்பும் நிற்காது. என் சீட்டும் திருத்தப்பட வேண்டியதில்லை. எனக்கு அதைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆசை. இளையவர்களான உங்களுக்குச் சொல்கிறேன், எல்லோருக்கும் வசதியான யோசனை வந்தால் அதில் இல்லாத ஆள் யார் என்று பாருங்கள். அந்த இடத்தில் இல்லாதவள் ஈஸ்வரி ஒருத்திதான்.

தூறல் விழ ஆரம்பித்தது.

நான் பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு வார்த்தை. அதுவரை அவற்றை நாலு நிலைமை என்று நினைத்திருந்தேன். அப்போது வேறு மாதிரித் தெரிந்தது. ஆப்சென்ட் எழுதுகிறவனுக்கு விஷயம் தெரியும். லெஃப்ட் எழுதுகிறவனுக்குத் தெரியும். லாஸ்ட் எழுதுகிறவனுக்கும் தெரியும், பாவம். எனக்குத் தெரியாது என்று சொல்ல அந்த அட்டையில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

பேச்சியம்மாளை மட்டும் இறங்கச் சொன்னேன். ஜீப்பை அனுப்பினேன். மற்றவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. டிரைவரிடம், போலீசுக்குப் போகிற செய்தி போகட்டும், நீயாக ஊரில் வாயைத் திறக்காதே, அவள் வீட்டுத் திண்ணையைத் தாண்டாமல் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வா என்றேன். பிறகு ஓடினேன்.

மூட்டைக்காரன் எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் போய்ச் சேர்ந்திருந்தான். மேனேஜர் கையில் என் முதல் சீட்டு. ஆபீசு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டாவதை எழுதிக் கொடுத்தேன். ‘நாட் லெஃப்ட். மிஸ்ஸிங்.’

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எந்தாடோ இது? நாலு மணிக்குப் போயி, அஞ்சு மணிக்குக் காணாம போயோ?”

“நாலு மணிக்கு எழுதினது தப்பு சார்.”

“இது சரியா? நிச்சயமா?”

“நிச்சயம் இல்ல சார். அதனாலதான் இத எழுதினேன்.”

அவர் என்னைப் பார்த்தார். உச்சக் காய் எடுப்பில் மூன்று காட்டை நிறுத்தவேண்டும். அந்தப் பெண் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தால் முதலாளியிடம் அவர் நின்று பதில் சொல்ல வேண்டும். மேசை மேல் இருந்த தொப்பியை எடுத்தார்.

“மணி அடி,” என்றார் ரைட்டரிடம்.

முப்பது ஆட்களுக்கு மேல் சேர்ந்தார்கள். வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஈஸ்வரியின் வரிசையிலிருந்து கீழே இறங்கினோம். எல்லோரும் கூப்பிட்டார்கள். பேச்சியம்மாள் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. தண்டவாளச் சத்தம் வேறு. அரை மணி நேரம் இப்படியே. ஒன்றும் இல்லை.

மேனேஜர்தான் நிறுத்தினார். “மணி நிறுத்தச் சொல்லு. ஒருத்தனும் மிண்டண்டா, பேசண்டா. கூப்பிடவும் வேண்டா. நில்லு.”

நின்றோம். மூட்டத்தில் முப்பது பேர் மூச்சுக்கூட விடாமல். இலையில் தூறல் விழுகிற சத்தம். கீழே ஓடைச் சத்தம். அதற்குள்ளே வேறு ஒன்று. கல்லில் கல் தட்டுகிற சத்தம். விட்டு விட்டு.

அட்டை கடித்த காலைக் கழுவ மத்தியானத்துக்கு முன்னாலேயே ஓடைக்கு இறங்கியிருக்கிறாள். பாசி வழுக்கி இரண்டு பாறைக்கு நடுவில் விழுந்திருக்கிறாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு வரை தண்ணீர். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. தலைக்குப் போட்டிருந்த சாக்கு ஒரு வேரில் சிக்கியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையில் அந்தக் கல்லை விடவே இல்லை. பேச்சியம்மாள்தான் விரலைப் பிரித்து எடுத்தாள்.

“நாயே, சொல்லிட்டுப் போறதுக்கு என்னடி?” என்று அழுதாள்.

கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கினோம். மேனேஜரின் ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கே கிடைத்தது நல்லது, காலை வரை தண்ணீரில் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதாக ரைட்டர் சொன்னார்.

பேச்சியம்மாள் பயந்ததும் நடந்தது. செக்போஸ்ட் வழியாகச் செய்தி, ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப்புக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. புருசன் அரிவாளோடு போடிக்கு வந்தான். கட்டுப் போட்ட காலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் பேச்சு அடங்கக் கொஞ்ச வருடம் ஆனது என்று கேள்வி. ஈஸ்வரி அப்புறம் மலைக்கு வரவில்லை. ஆக, நான் எழுதின வார்த்தை அவள் உயிருக்கு நல்லது செய்தது, பேருக்குக் கெடுதல் செய்தது. இரண்டும் கணக்கில் இருக்கட்டும். சரியான வார்த்தை என்றால் யாருக்கும் வலிக்காது என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் காலை பெண்களை நிறுத்தி ஒன்று சொன்னேன். போகிறவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போகணும். நாள் பிடிக்க மாட்டேன்.

“நெசமாவாண்ணே?” என்றாள் பேச்சியம்மாள்.

“நெசந்தான்.”

அது எஸ்டேட் விதிப்படி தப்பு. செய்தேன். வேலையை விடும் வரை செய்தேன். அதன் பிறகு யாரும் சொல்லாமல் இறங்கியதில்லை.

ரைட்டர் மாற்றலாகிப் போகும்போது பழைய சீட்டுக் கம்பியிலிருந்து இரண்டு காகிதத்தை உருவி என் முன்னால் வைத்தார். “சேட்டனுக்கு எது வேணும்?”

நான் முதல் சீட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை அவர் கிழித்துப் போட்டார். முதலாவது இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘ஒன் லேபர் லெஃப்ட்.’ கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. தடுமாற்றமே இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்துப் போடி பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரியைப் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். கூட மகள், வளர்ந்துவிட்டாள். அவளே வந்து பேசினாள். மகளிடம், “இவருதான்டி” என்றாள். நலம் விசாரித்தாள். பேச்சியம்மாளைப் பற்றிக் கேட்டாள். பஸ் வருகிற நேரத்தில் திடீரென்று கேட்டாள்.

“அண்ணே, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. அன்னைக்கி நான் எங்க போயிட்டேன்னு மொதல்ல நெனச்சீங்க?”

“வீட்டுக்கு.”

அவள் சிரித்தாள். கோபம் எதுவும் இல்லை. உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது அவளுக்கு.

“தூக்குவாளிய மரத்துல விட்டுட்டு எந்தப் பொம்பளண்ணே வீட்டுக்குப் போவா?”

பஸ் வந்துவிட்டது. மகள் கையைப் பிடித்து ஏறினாள்.